அடியில் வரும் காற்று

பண்டாரவளையில் புதிதாகக் கட்டிய சூப்பர் மார்க்கெட் கடையில் நானும் மனைவியும் வேலைக்குச் சேர்ந்தோம். நான் கூட்டிப் பெருக்குவேன். அவள் ஓ.எல். பரீட்சை வரை படித்தவள், காசு வாங்கும் மேசையில் இருந்தாள். அதற்கு முன் நமுனுகுலப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். இது மழையும் அட்டைக்கடியும் இல்லாத வேலை. எப்படியாவது இதிலேயே நிலைக்க வேண்டும் என்றாள்.

கடையில் ஏசி கிடையாது. சுவரின் அடியில் நீள இடுக்குகள் விட்டிருந்தார்கள். குளிர்ந்த காற்று அது வழியே வரும். சூடு மேலேறிக் கூரை ஜன்னலில் போய்விடும். கைப்பிடியைச் சுற்றி அந்த ஜன்னலைத் திறப்பதும் என் வேலை.

அவள் உட்காரும் கதிரை ஓர் இடுக்குக்கு நேரே. மத்தியானம் பனி இறங்கினால் காற்று காலைக் கவ்வும். பக்கத்து மேசைப் பிள்ளை சிரிப்பாள்: "அக்கா, நம்மளையும் மீனோட ஐஸ்ல வச்சிருக்காங்க." வீட்டுக்கு வந்தால் மனைவியால் முழங்காலை மடக்க முடியாது. மேசையை நகர்த்தச் சொல்லி மேனேஜரிடம் கேட்டேன். வயர் எல்லாம் தரைக்குள் போகிறதாம், நகர்த்த ஏலாதாம். அவருடைய அறையில் தனி ஜன்னல் உண்டு. குளிர்ந்தால் மூடிக்கொள்வார்.

எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் காற்று வரும் ஓட்டையைப் பார்த்தால் யாரையும் கேட்பதில்லை. பழைய உரப்பையைத் திணித்துவிடுவோம். அவளும் கடை இடுக்கில் அரிசிச் சாக்கைச் சுருட்டித் திணித்தாள். மற்றப் பிள்ளைகளும் தங்கள் பக்கம் அடைத்தார்கள்.

தீபாவளிக் கூட்டம் வந்தது. தூரத்து லுணுகலையிலிருந்துகூட ஆட்கள். உள்ளே மூச்சு முட்டியது. மேலே முழுக்கத் திறந்தும் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கர்ப்பிணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேனேஜர் குனிந்து பார்த்தார். சாக்குகளை இழுத்துப் போட்டார்.

"என்ன இது, ஒங்க லயமா?"

"குளிருது சேர்," என்றாள் அவள்.

"கீழ அடைச்சா சூடு எப்பிடி மேல போகும்? இன்னொருக்கா அடைச்சா வேலை இல்ல."

"ஒரு பலகையாவது தடுப்பா வைங்க சேர்."

"கட்டடத்துல கை வைக்க ஏலாது."

அவர் சூட்டைப் பற்றிச் சொன்னது சரிதான்.

அவள் மார்கழி வரை தாங்கினாள். ஒரு காலையில் கொழுந்துக் கூடையை இறக்கித் துடைத்தாள்.

"மலையிலயும் குளிருதானே," என்றேன்.

"அங்க கம்பளி போத்திக்கலாம். நடக்கலாம். போறேன்."

தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டாள்.

அவளுடைய கதிரையில் இப்போது வேறொரு பிள்ளை. போன கிழமை நான் கூட்டிக்கொண்டு போனபோது கூப்பிட்டாள்.

"அண்ணே, இந்தக் காத்தக் கொஞ்சம் அடைக்க ஏலாதா?"

"ஏலாது," என்றேன். அடுத்த வரிசையைக் கூட்டப் போனேன்.