கமா சாரின் எச்சரிக்கை

சிவப்புப் பேனாவின் மூடியைத் திருகிக் கழற்றி, பின்பக்கம் செருகி, கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துக்கொண்டார். பிறகுதான் தாளைப் பார்த்தார். ஊரே முழுகினாலும் இந்த வரிசை மாறாது. பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இருபத்திரண்டு வருடமாக எந்த எச்சரிக்கையும் இவர் கையெழுத்தில்லாமல் வெளியே போனதில்லை. திருத்தாமல் இவர் கையெழுத்துப் போட்டதுமில்லை. முதுகுக்குப் பின்னால் இவர் பெயர் கமா சார்.

அறையில் ஒன்றுக்கும் குறைவில்லை. மொட்டை மாடியில் சைரன் இருக்கிறது. மழையில் வீணாகிவிடக் கூடாதென்று இவரே தார்ப்பாய் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருக்கிறார். டவர் சாய்ந்தாலும் பேச சாட்டிலைட் போன் இருக்கிறது; பீரோவுக்குள். சாவி இவர் இடுப்பில். இவர் லீவு போட்டால் சாவியும் லீவு. வருடாந்திர வெள்ள ஒத்திகைக்கு நல்ல வெயில் நாளாகப் பார்ப்பார். "மழையில போட்டோ நல்லா வராதும்மா" என்பார். அப்படி வாங்கிய கேடயம் மேஜையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது. அதுவாவது வேலை செய்கிறது.

அன்று மதியம் ஒன்றேகாலுக்கு அணையிலிருந்து தகவல் வந்தது. மதகுகளைத் திறந்துவிட்டார்கள், மூன்று மணிக்குள் ஆற்றோரக் குடியிருப்பில் தண்ணீர் புகும். நானூறு வீடுகள். ஒயர்லெஸ் ஆபரேட்டர் பெண் ஒரே வரியில் எழுதி எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்: 'வெள்ளம் வருகிறது, உடனே மேட்டுக்குப் போங்கள்.' கையெழுத்து விழுந்தால் அடுத்த நிமிடம் அத்தனை பேர் போனிலும் அது அலறும்.

"என்னம்மா இது, சந்தையில கூவுற மாதிரி? ஒரு மரியாதை வேணாமா?"

'பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு' என்று ஆரம்பித்தார். 'வெள்ளம்' அடிபட்டு 'உபரி நீர்வரத்து' ஆயிற்று. 'உடனே' என்றால் பீதி கிளம்புமாம், அதுவும் போயிற்று. மூன்றாவது முறை தட்டச்சாகி வந்தபோது மணி ஒன்று ஐம்பது.

"சார், என் தங்கச்சி அங்கதான் இருக்கா. கைக்குழந்தைக்காரி. அவளுக்காவது ஒரு போன் பண்ணிக்கிறேன்."

"கையெழுத்து இல்லாம வாயால சொன்னா அதுக்குப் பேரு வதந்தி. நீயே அதைக் கிளப்பலாமா? வேலை போயிடும்மா."

அவள் அங்கேயே நின்றாள். அவரோ நிதானமாகப் பின்னிணைப்பைப் புரட்டினார். தண்ணீர் வரக்கூடிய தெருக்களின் பட்டியல். நான்காவது பெயரில் விரல் நின்றது. அது அவர் குடியிருக்கும் தெரு.

மேஜை போனை எடுத்து வீட்டு எண்ணை அழுத்தினார். உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டார்.

"நான்தான். தண்ணி வருது, கிளம்பு. பிள்ளைங்களக் கூட்டிட்டு உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடு. துணிமணி எடுத்துட்டு நிக்காத, போ."

பத்து விநாடிகூட ஆகவில்லை. ஒரு கமாவும் இல்லை. போனை வைத்தார்.

"கீழ 'இவண்' விட்டுப்போச்சு பாரு" என்று, அவள் முகத்தைப் பார்க்காமலே தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.