கடல் கிழக்கில் இல்லாத ஊரில் ஒரு வீடு

நிந்தவூரில் ஸம்ஸியாவைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் ஸம்ஸியாவின் வீடு எங்கே என்று கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. மூத்தவள் ஷாஹினாட வீடு என்றால் கை நீட்டிக் காட்டுவார்கள். இளையவள் றுமானாட வீடு என்றால் கூடவே வந்து விடுவார்கள். இரண்டையும் கட்டியவள் ஸம்ஸியா. கட்டி, உறுதி எழுதி, திறப்பையும் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டு, இப்போது றுமானாட வீட்டின் பின்னறையில் இருக்கிறாள். நம் பக்கத்து வழக்கம் அதுதான். பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம்; கொடுத்த பிறகு அது உம்மாவின் வீடு இல்லை. அதில் அவளுக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. அவளுக்கும் அவளுடைய உம்மா ஒரு வீடு கொடுத்தாள்தான், சாய்ந்தமருதுக் கடலடியில். சுனாமி வந்த காலையில் அந்த வீடும் போனது, அவளைக் கட்டிய மாப்பிள்ளையும் போனார்.

அதற்குப் பிறகு குவைத். மூன்று தரம் போய், மொத்தம் பதினொரு வருடம், அடுத்தவர் வீட்டில் வேலை. கதவு மணி அடித்தால் ஓடிப்போய்த் திறப்பது அவள்தான். வருகிறவர்கள் அவளைத் தாண்டி உள்ளே பார்த்து, வீட்டுக்காரி எங்கே என்று அறபியில் கேட்பார்கள். பிறகு செருப்போடு நடந்து போவார்கள். அந்தத் தடத்தைத் துடைப்பதும் அவள்தான். ஆனால் அங்கிருந்துகொண்டே இங்கே இரண்டு வீட்டை எழுப்பினாளே, அதைச் சும்மா சொல்லக் கூடாது. ஷாஹினாட வீட்டில் மேசன் கக்கூசைக் கிப்லாவை, தொழுகைக்கு முகம் வைக்கிற மேற்குத் திசையைப் பார்த்து வைத்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும், போனிலேயே அவனை உடைக்க வைத்தவள் அவள். அத்திவாரத்துக்கு எத்தனை மூட்டை சீமெந்து போனது என்பதுகூட இன்றைக்கும் அவளுக்கு மனப்பாடம்.

இந்த மூன்றாவது வீட்டுக் கதை, போன நோன்புப் பெருநாள் கழிந்த கிழமை தொடங்கியது. றுமானாவுக்குக் கல்முனையில் ஒரு கம்பியூட்டர் கடையில் வேலை. அவளுடைய போனுக்குள் ஓர் உலகம் இருந்தது. எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் அதற்குள் பொம்மை உருவத்தில் வந்து நடப்பார்கள், காணி பிடிப்பார்கள், வீடு கட்டுவார்கள், எதிரே வந்தவரோடு வாயாலேயே கதைப்பார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மாவைப் பக்கத்தில் இருத்தி, அவளுக்கும் ஒரு உருவத்தை உண்டாக்கினாள் றுமானா. நீலச் சட்டை, நல்ல உயரம், தலையில் முக்காடு இல்லை. ஸம்ஸியா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். நடுவீதியில் தன்னை இந்தக் கோலத்தில் நிறுத்தியதற்கு மகளுக்கு நல்ல ஏச்சு விழுந்தது. முக்காடு தேடிப் போட்டு, சட்டைக் கையையும் நீட்டிய பிறகுதான் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

அங்கே புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு காணி சும்மா கிடைக்கும். ஏழு நாளுக்குள் வீடு கட்டிக் கூரையும் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் காணி போய்விடும். சும்மா கிடைக்கிற காணியில் யாருடைய எல்லைச் சண்டை இருக்கிறதோ என்று முதலில் சந்தேகப்பட்டாள். அப்படி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், படத்தில் விரலை ஊன்றி இடத்தைக் காட்டினாள். றுமானாவின் முகம் மாறியது.

"கடலடியா உம்மா?"

"இந்தக் கடலுக்கு எழும்பத் தெரியாதெண்டு நீதானே சொன்னாய்?"

"ஓம்."

"அப்ப அங்கயே போடு. என்ட வீடு கடலடிலதான் இருந்த."

என்ட வீடு என்ற சொல் உம்மாவின் வாயிலிருந்து வந்து றுமானா கேட்டதே இல்லை. அந்த இடத்திலேயே காணியைப் பிடித்துக் கொடுத்தாள்.

நாலு நாள் நல்லாகத்தான் போனது. பொம்மையை நடக்கவிட்டு அடி எண்ணி அறைகளை அளந்தாள். வீட்டுக்கு வருகிற பெண்கள் ஆம்பிளைகள் இருக்கிற மண்டபத்தைக் கடக்காமல் வர, குசினிப் பக்கம் தனிக் கதவு வைத்தாள். திசையைப் பற்றி யோசிக்கவே இல்லை. கடல் இருக்கிற பக்கம் கிழக்கு, பிறகென்ன? பிறந்த ஊரிலும் அப்படி, குவைத்தில் அவள் இருந்த பகுதியிலும் அப்படி. அந்தக் கணக்கில் தொழுகிற இடத்தைக் கடலுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வைத்தாள். கால் மேற்கே நீளாதபடி கட்டிலைப் போட்டாள். கக்கூசைத் தெற்கு வடக்காக வைத்தாள்.

அந்த உலகத்துச் சூரியன் நம் மணிக்கூட்டைப் பார்த்து ஓடுவதில்லை. நாலாம் நாள்தான் அது மறைகிற நேரத்தில் அவர்கள் உள்ளே இருந்தார்கள். ஸம்ஸியா பார்த்துக்கொண்டே இருக்க, அது கடலிலும் விழவில்லை, எதிர்ப்பக்கமும் போகவில்லை. கரையோடு கரையாகச் சரிந்து, பக்கவாட்டில் இறங்கியது. கடல் கிடந்தது தெற்கே! கட்டிலின் கால் மேற்கே. கக்கூசும் நேராக மேற்கே. மேசனை ஏசின வாய்க்குச் சொந்தக்காரி, தானே அதே பிழையை விட்டிருந்தாள்.

உடைக்க வேண்டும் என்றாள். அந்த உலகத்தில் எழுப்பிய வீட்டைத் திருப்பி வைக்க முடியாது. சுவர் சுவராகக் கழற்றித்தான் ஆகவேண்டும். இருப்பது மூன்று நாள், காணி போய்விடும் என்று றுமானா கெஞ்சினாள். மருமகன் மிஹ்லார் மாமியோடு நேரே பகடி பேசுகிறவன் இல்லை. பெண்சாதியிடம் சொல்கிற மாதிரி, அங்கே யார் கக்கூசுக்குப் போகப் போகிறார்கள் என்று கேட்டுச் சிரித்தான். ஸம்ஸியா சிரிக்கவில்லை. இரண்டு பிள்ளைக்கும் குறையில்லாமல் கட்டிக் கொடுத்துவிட்டு, தனக்கென்று கட்டுகிற ஒன்றே ஒன்றைக் கோணலாக விடுவதா? நெஞ்சு பொறுக்கவில்லை.

"ஆரும் போனா என்ன, போகாட்டி என்ன? வீடெண்டா வீடுதான். உடை புள்ள."

உடைத்தார்கள். அடுத்த இரண்டு நாளும் பகல் முழுக்க றுமானா விட்டுப்போன போனைக் கையில் வைத்துத் தானே கட்டினாள். மகள் கடை விட்டு வருவதற்குள் இரண்டு சுவர் எழும்பியிருக்கும். ஏழாம் நாள் மழை. ஓடு பாதி ஏறியபோது டேட்டா முடிந்தது. பகடி விட்ட அதே மிஹ்லார் தன் போனின் டேட்டாவைத் திறந்துவிட்டு, சிக்னல் அறாமல் இருக்க யன்னலோரம் அதைப் பிடித்தபடி நின்றான். பொழுதுபட்டு மஃரிபு பாங்கு சொல்லக் கொஞ்சம் முந்திக் கடைசி ஓடும் ஏறியது. காணி அவளுக்கு உறுதியானது என்று போன் காட்டியதை றுமானா வாசித்துக் காட்டினாள். ஸம்ஸியா அதை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.

வாசல் பலகையில் யாருடைய பெயரைப் போடுவது என்று மகள் கேட்டாள். பழக்கம் விடுமா? ஷாஹினாட பெயரையும் உன் பெயரையும் போடு என்று சொல்லிவிட்டாள். றுமானா எழுதாமல் உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் ஒரு பொம்மை படலைக் கதவைத் தாண்டி வந்தது. நீண்ட கறுப்பு உடுப்பு, காலில் உயர்ந்த செருப்பு. வாசலில் நின்று ஸலாம் சொன்னது. பொம்பிளைக் குரல், குவைத்து அறபி. ஸம்ஸியாவுக்குத் தூக்கத்திலும் விளங்குகிற பேச்சு. வீடு அழகாக இருக்கிறது என்றது. பிறகு, வீட்டுக்காரி எங்கே என்று கேட்டது.

ஸம்ஸியாவின் கை தன்னையறியாமல் முக்காட்டைச் சரிசெய்தது. பதினொரு வருடமாக அந்தக் கேள்விக்கு அவள் சொன்ன மறுமொழி ஒன்றேதான்: உள்ளே இருக்கிறா, கூப்பிடுகிறேன். இப்போதும் அது நாக்கின் நுனிக்கு வந்தது. அதை விழுங்கிவிட்டுப் போனை வாயருகே பிடித்தாள்.

"அன," என்றாள். நான்தான் என்பதற்கு அறபியில் அதுதான் சொல்.

மகளுக்கும் மருமகனுக்கும் அறபி தெரியாது. ஆனால் உம்மாவிடம் அந்தக் குரலை அவர்கள் அதற்கு முன் கேட்டதில்லை. மிஹ்லார் யன்னலோரத்தில் நிமிர்ந்து நின்றான்.

"பலகையில என்ட பேரைப் போடு," என்றாள் மகளிடம். "ஸம்ஸியா. வேறொண்டும் வேணா."

பிறகு வந்தவளிடம் திரும்பி, உள்ளே வாங்க, ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு வாங்க என்று நல்ல அறபியில் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது. பொம்மை வாசலிலேயே குனிந்து, இரண்டு செருப்பையும் கழற்றி வைத்தது.