நூர்ஜஹானுக்கு வயது ஐம்பத்திரண்டு

போன வாரம் சிதம்பரத்தில், ஒரு கல்லூரியில் குடியரசு தினப் பேச்சு. "புதுசாகச் சுதந்திரம் வாங்கிய நாடு. அரசியல் சட்டத்தை எழுதி முடிக்கும் முன்பே, வீடு வீடாகப் போய் வாக்காளர் பேர் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ராஜாவுக்கும் ஒரு ஓட்டு, கூலிக்காரருக்கும் ஒரு ஓட்டு!" என்று முழங்கினேன். நல்ல கைதட்டல்.

அதே மிதப்பில் பக்கத்து ஊரான கிள்ளைக்குப் போனேன். நண்பர் பஷீர் வீட்டில் மதியச் சாப்பாடு.

அங்கே வாக்காளர் பட்டியலோடு ஒரு டீச்சர் உட்கார்ந்திருந்தார். பஷீரின் மகள் நூர்ஜஹானுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. பெயர் சேர்க்க வேண்டும். அவ்வளவுதானே?

"புதுசா எதுக்கும்மா? ஏற்கெனவே இருக்கியே... இதோ உன் போட்டோ!" என்றார் டீச்சர்.

எட்டிப் பார்த்தேன். அதே வீடு, அதே பெயர், அதே கண்கள். வயது மட்டும் ஐம்பத்திரண்டு!

"அது எங்க அக்கா, மச்சான்," என்றார் பஷீர் மெதுவாக. "இவ பொறக்கறதுக்கு முந்தியே மவுத்தாயிட்டாங்க. அவுங்க பேரைத்தான் இவளுக்கு வெச்சோம்."

இறந்தவர் பேரைக் குழந்தைக்கு வைப்பது நம் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் இங்கே இறந்தவருக்கு வருடா வருடம் வயது ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. எனக்குப் பசியே போய்விட்டது.

"அவுங்க இறந்துட்டாங்கன்னு எழுதிக் குடுங்க. நீக்கிட்டு இவளைச் சேத்துடலாம்," என்றார் டீச்சர்.

பஷீரின் மனைவி சபியா படிவத்தைப் பிடுங்கிக்கொண்டார். "எம் பொண்ணு முன்னாடி நிக்குறா... அவ பேரை எழுதி மவுத்துன்னு கையெழுத்துப் போடுவீங்களா? வேணாம் டீச்சர், வயசை மட்டும் திருத்திடுங்க!"

"அப்ப நான் அத்தையோட ஓட்டைத்தான் போடணுமா உம்மா? எனக்குன்னு ஒண்ணு கிடையாதா?" என்றாள் நூர்ஜஹான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காலையில் முழங்கிய வாயால் ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பட்டியலைப் பார்க்கவே பயமாக இருந்தது.

சபியா படிவத்தைப் பஷீரிடம் திருப்பிக் கொடுத்தார். மகளைப் பக்கத்தில் இழுத்து, கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ம்... இப்ப எழுதுங்க."

பஷீர் எழுதினார். டீச்சர் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நூர்ஜஹான் இறந்தது உண்மைதானே?"

பஷீர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"உண்மைதான் டீச்சர்," என்றாள் நூர்ஜஹான்.

சாயங்காலம் கடலூரில் என் வீட்டுக்குத் திரும்பியதும் பட்டியலில் என் பெயரைத் தேடினேன். இருந்தது. போட்டோவும் இருந்தது.

எதற்கும் இருக்கட்டும் என்று நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டேன்!