வலி இல்லை என்று சொன்னால் சரியல்ல

வலியைப் பக்கத்து வீட்டில் சொல்லலாம், பஸ்ஸில் சொல்லலாம், டாக்டரிடம் சொல்லலாம். கூண்டில் ஏறி நின்று சொல்வது மட்டும் தனித் தொழில். அதை வாழ்நாளில் ஒரே ஒருநாள் மட்டும் செய்ய வருகிறவர்களைத் தயார்செய்து அனுப்புவது என் தொழில். பூந்தமல்லி நீதிமன்றத்தில் சாலை விபத்து வழக்குகள் நடத்தும் ஒரு சீனியரிடம் நான் ஜூனியர். அடிபட்டவரை உட்காரவைத்து, எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, அதனால் என்ன வேலை நின்றுபோனது என்று கேட்க வேண்டும். பிறகு அதையே கூண்டிலும் சொல்லவைக்க வேண்டும். இது எத்தனை சுலபம் என்று ஜூனியராகக் காலம் தள்ளுகிறவர்களுக்குத் தெரியும்.

நீதிமன்றம் பக்கம் வராத புண்ணியவான்களுக்கு ஒரு விளக்கம். இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல், "உங்களுக்கு இப்போது வலியே இல்லை என்கிறேன்" என்பார். சாட்சி, "ஐயோ, இருக்குங்க" என்பார். அது பதிவாவது இப்படி: 'எனக்கு வலி இல்லை என்று சொன்னால் சரியல்ல.' கேள்வியும் பதிலும் ஒரே வரியாகிவிடும். அந்த 'ஐயோ' மட்டும் வெளியே நின்றுவிடும்.

இஸ்திரிச் சட்டை

அம்பத்தூரில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர். லாரி மோதியதில் வலது தோள் போயிற்று. கை நெஞ்சு உயரத்துக்கு மேல் எழாது. எங்கள் ஆபீசுக்கு வந்தபோதெல்லாம் லுங்கியும் தாடியுமாக வந்தவரைச் சாட்சி சொல்லும் நாளில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. சவரம் செய்த முகம், கறுப்பு டை அடித்து வகிடெடுத்த தலை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி இருந்தார். சீனியர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு இங்கே பொழிப்புரை தேவையில்லை.

குறுக்கு விசாரணையின் முதல் கேள்வியே தலை வாரியது யார் என்பதுதான். மனைவி என்றார். பொத்தான் போட்டது? மனைவி. சவரம்? தெருமுனை சலூன். நல்லவேளையாக எல்லாமே உண்மை. வெளியே வந்ததும், எப்போதும்போல வந்திருந்தால் போதாதா, இந்த அலங்காரம் எதற்கு என்று கேட்டேன். அவர் இடது கையால் காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "இன்னா மேடம், பத்து பேர் பாக்குற எடம். நோயாளி கணக்கா வந்து நின்னா, ஊட்டுல இருக்குறவ சரியா பாத்துக்கலன்னு அவளத்தானே பேசுவாங்க?"

நலம் விசாரித்தது

ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்து, தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பைக் இடித்து இடுப்பு எலும்பு முறிந்தது. தரையில் உட்கார முடியாது, படி ஏற முடியாது, பஸ்ஸில் நிற்க முடியாது. எல்லாவற்றையும் என்னிடம் ஒப்பித்துக் காட்டினார். பள்ளிக்கூடத்துப் பையன் தோற்றான். இவரால் பிரச்சினை வராது என்று நிம்மதியாக இருந்தேன்.

சாட்சி சொன்ன அன்றைக்கு நீதிபதி அம்மா, அவர் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுவதைப் பார்த்து, விசாரணை தொடங்கும் முன்பே இரக்கத்தோடு கேட்டார், இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று. பெரியவர் கைகூப்பினார். நல்லாருக்கேம்மா, ஒரு கொறையும் இல்ல என்றார். அதோடு விட்டாரா? நீங்க சொகமா இருக்கீயளா என்று திருப்பிக் கேட்டார். நீதிபதி, இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. டைப்பிஸ்ட் விரல்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இதையும் அடிப்பதா என்று பார்த்தார். வேண்டாம் என்று நீதிபதி தலையசைத்தார்.

எதிர்த்தரப்பில் அன்று மட்டுமல்ல, இந்தத் துணுக்குகள் எல்லாவற்றிலும் ஒரே வக்கீல்தான். வயதானவர், சர்க்கரை நோயாளி, கேள்விகளை மெதுவாகக் கேட்பவர். அன்று அதிகம் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் டீக்கடையில், சர்க்கரை போடாத டீயை ஆற்றியபடி என்னிடம் சொன்னார்: "எங்களுக்கு வேணுங்கிறத அவரே சொல்லிட்டாரும்மா. ஆனா கைகூப்பிகிட்டு சொன்ன ஒரு மனுசன் பேச்ச எப்படி அவருக்கு எதிராவே எடுத்துப் படிக்கிறது, சொல்லு?"

இரண்டே வார்த்தை

அமுதா சேக்காட்டில் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை வைத்திருப்பவர். கணவரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனபோது வேன் இடித்து, பின்மண்டை தரையில் மோதியது. காயம் ஆறிற்று. முடி வளர்ந்து தழும்பும் மறைந்தது. வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணை மூடச் சொல்லி மூக்கருகே காப்பித்தூள், கிராம்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறார்கள். ஒன்றும் தெரியவில்லை. நாக்குக்கு உப்பும் புளிப்பும் காரமும் தெரியும்; மற்றதெல்லாம் துணியை மெல்லுவதுபோல இருக்கிறது என்றார். எங்கள் ஆபீசில் எப்போதும் நாற்காலியை வாசலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். காற்றுக்காக என்று நினைத்தேன்.

அவருக்கு இருந்த ஒரே பயம், கடைக்கு வருகிறவர்களுக்கு இது தெரிந்துவிடக் கூடாது என்பது. மூக்கு செத்தவள் கையால் எவன் சாப்பிடுவான் என்று கேட்டார். மனுவில் இங்கிலீஷில் எழுதியிருப்பதைப் பற்றிக் கவலையில்லை, அதை அவர் தெருவில் யாரும் படிக்கப்போவதில்லை. ஆனால் கூண்டில் வாயால் சொல்ல வேண்டுமே. கை உடைந்தால் எக்ஸ்ரே பேசும், இதற்கு உங்கள் வாய் மட்டும்தான் பேசும், நீங்கள் சொல்லாவிட்டால் வழக்கே இல்லை என்றேன். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

எப்படிச் சமைக்கிறார் என்று கேட்டபோதுதான் நாத்தனார் விஜயா கதைக்குள் வந்தார். பக்கத்து வீடு. ஏதோ ஒரு கல்யாணத்தில் வந்த மனஸ்தாபத்தில் இருவருக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. விபத்துக்குப் பிறகு கடை திறந்த முதல் நாள், சாம்பார் அடிப்பிடித்து வாடை தெருவரை போயிருக்கிறது. அமுதா அடுப்புக்கு முன்னாலேயே நின்றிருக்கிறார். விஜயா விடுவிடுவென்று வந்து அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். மறுநாள் காலை தானாகவே வந்து அடுப்போரம் நின்றார். அன்றிலிருந்து தினமும் நிற்கிறார். அமுதா திரும்பி அவர் முகத்தைப் பார்ப்பார். பச்சை வாடை போகவில்லை என்றால் "இன்னும்" என்பார் விஜயா. இறக்கலாம் என்றால் "போதும்." தேங்காயையும் மோந்து பார்த்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அவர் நசரத்பேட்டையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும் நாட்களில் அமுதா குத்துமதிப்பாகச் சமாளிப்பார். அப்படிச் சில நாள் சட்னி மிஞ்சிவிடும், எல்லோரும் பொடியே கேட்பார்கள், வெயில் காலத்தில் பொடிதான் இறங்குகிறது என்றார். அப்படியென்றால் சண்டை தீர்ந்ததா என்று கேட்டேன். "சண்டை சண்டையாத்தான் கீது மேடம். மூக்கு மட்டும்தான் ஒண்ணாயிடுச்சி."

வலிக்குச் சாட்சி

திருநின்றவூரிலிருந்து ஒரு அம்மாள், கணவரோடு வந்திருந்தார். முழங்கால் சிப்பி நொறுங்கியது. வலி எந்த அளவு, எவ்வளவு நேரம் என்று கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பின் பெஞ்சிலிருந்து கணவரே பதில் சொன்னார். நீதிபதி இரண்டு தடவை கண்டித்தார். அந்த அம்மாளோ ஒவ்வொரு பதிலுக்கு முன்பும் கணவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வலி உங்களுக்கா அவருக்கா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்காமல் சொன்னார்: "வலி எனக்குத்தாங்க. நான் பாதித் தூக்கத்துல முனகிட்டு மறுபடி தூங்கிடுவேன். முழிச்சிகினு காலப் புடிச்சி வுடறது அவரு. எவ்ளோ நேரம் வலிச்சுதுன்னு அவருக்குத்தானே தெரியும்?"

கூண்டு

அமுதாவின் நாள் வந்தது. நாங்கள் கூப்பிடாமலேயே விஜயாவும் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் வேறொரு வழக்குக்காக வந்த கான்ஸ்டபிள் ஒருவர். கூண்டில் ஏறித் திரும்பிய அமுதாவின் முகம் அந்த கான்ஸ்டபிளைப் பார்த்ததும் மாறிவிட்டது. தினமும் டூட்டிக்குப் போகும் வழியில் அமுதா கடையில் சாப்பிடுகிறவர் அவர் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் மெதுவாகக் கேட்டுக்கொண்டே போனார். கடை நடக்கிறதா? நடக்கிறது. சமைப்பது யார்? நான்தான். விபத்துக்கு முன்னும் பின்னும்? ஆமாம். அப்படியென்றால் உங்களுக்கு வாசனை நன்றாகவே தெரிகிறது என்கிறேன் என்றார். அமுதா பின் பெஞ்சைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். நாங்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது. நான் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், தெரியாதுங்க என்ற குரல் கேட்டது. கான்ஸ்டபிள் நிமிர்ந்தார். தெரியாமல் எப்படிச் சமைக்கிறீர்கள் என்று வக்கீல் கேட்டார். நாத்தனார் மோந்து சொல்வார் என்றார் அமுதா. அதோடு நிறுத்திவிட்டு, அடுப்படியில் செய்கிற பழக்கத்தில் திரும்பி விஜயாவின் முகத்தைப் பார்த்தார்.

"இன்னும்" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

யார் அது என்றார் நீதிபதி. விஜயா எழுந்து நின்றார். தான் ஏன் பேசினோம் என்று அவருக்கே தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இன்னொரு முறை பேசினால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று நீதிபதி எச்சரித்தார். பிறகு அமுதாவிடம் திரும்பி, தயங்காமல் முழுவதையும் சொல்லும்படி சொன்னார்.

அமுதா சொன்னார். கேஸ் கசிந்தாலும் தெரியாது, அதனால் படுக்கும் முன் சிலிண்டரைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறேன் என்றார். வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்தாலும் தெரிவதில்லை என்றபோது யாரோ சிரித்தார்கள். அப்புறம் குரல் தாழ்ந்தது. "என் மேல இன்னா வாடை அடிக்குதுன்னு எனக்குத் தெரியாதும்மா. குளிச்சிகினே கீறேன். அப்பவும் யார்கிட்டயும் கிட்ட போய் நிக்கறதில்ல. எம்புள்ளயக்கூட தள்ளித்தான் படுக்க வெக்கிறேன்." வாசலோரம் இழுத்துப் போட்ட நாற்காலி எனக்கு ஞாபகம் வந்தது.

குறுக்கு விசாரணை செய்கிறவர் கடைசியில் வழக்கமாக ஒன்று சொல்வார்: நீங்கள் பொய் சாட்சி சொல்கிறீர்கள் என்கிறேன். யாராக இருந்தாலும் சொல்வார், அது சம்பிரதாயம். டைப்பிஸ்ட் அந்த வரிக்காகக் காத்திருந்தார். வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, வேறு கேள்வி இல்லை என்றார். அமுதா இறங்கப்போனவர் மறுபடியும் பின் பெஞ்சைப் பார்த்தார். விஜயா நீதிபதிக்குப் பயந்து எங்கள் மேசை வரைக்கும் மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "போதும். எறங்கு."

மிளகாய்ப்பொடி

வராந்தாவில் அமுதா தூணோரம் தனியாக நின்றார். விஜயா போய்ப் பக்கத்தில், தோள் உரசுகிற மாதிரி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அமுதா விலகப் பார்த்தார், விஜயா நகரவில்லை. வழக்கு என்ன ஆகும் என்று அமுதா என்னைக் கேட்கவில்லை. நாளைக்கு எத்தனை படி அரிசி ஊறவைப்பது, யாராவது வருவார்களா, அதுதான் அவருடைய கேள்வி. தெரு முழுக்கத் தெரிந்துவிடும், எவனும் வரமாட்டான், கடை போச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அந்த கான்ஸ்டபிள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

நேராக எங்களிடம்தான் வந்தார். முன்பொரு நாள் சட்னியில் தேங்காய் சிக்கு வாடை அடித்ததாம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். அமுதா அதே சட்னியை இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று சிரித்த முகமாகக் கேட்டிருக்கிறார். யாருக்கும் சொல்ல மனசு வரவில்லை. அப்புறம் ஆளுக்கொன்றாக யோசித்துக் கண்டுபிடித்துவிட்டார்களாம். இதைச் சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு, போலீஸ்காரருக்குப் பொருந்தாத ஒரு கூச்சத்தோடு சொன்னார்: "எங்களுக்கெல்லாம் எப்பவோ தெரியும்கா. அடுப்பாண்ட விஜயாக்கா இல்லாத அன்னிக்குத்தான் நாங்க மொளகாப்பொடி கேக்கறது."

வலி வலி என்று கேட்டுக் கேட்டு இந்த வேலை எனக்கு அலுத்துப்போய்விட்டது என்று சொன்னால் சரியல்ல.