மச்சானின் இடது காது

நரியைப் பரியாக்கிய கதையை மதுரைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று இரவே பரிகளெல்லாம் மறுபடி நரிகளாகி ஊளையிட்டன என்பது அதன் பின்பாதி. அக்கா மகனைத் திருப்பரங்குன்றம் தாண்டி ஒரு குதிரைப் பண்ணையில் கொண்டுபோய் விட்டபோது நான் முன்பாதியை நம்பினேன். அவனைப் பெற்ற என் மச்சான் பின்பாதியை நம்பினார்.

பண்ணை வாசலில் ‘தெரபி’ என்று போர்டு இருந்தது. குடித்துக் கெட்டு, வீட்டில் கை நீட்டி, ஸ்டேஷன் வரைக்கும் போய்வந்த பையன்களை அங்கே மாதக்கணக்கில் குதிரைகளோடு விட்டுவிடுவார்கள். புல் அறுக்க வேண்டும், குதிரையைத் தேய்த்துவிட வேண்டும், லத்தி அள்ள வேண்டும். குதிரை போடுவதற்கும் போலீஸ்காரர் கையில் இருப்பதற்கும் தமிழில் ஒரே பெயர். அக்கா மகன் இரண்டையும் பார்த்துவிட்டான். இதை அக்காவிடம் சொன்னேன். நான் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். அக்கா சிரிக்கவில்லை. பொதுவாகவே எங்கள் குடும்பத்தில் யாரும் என் வாசகர்கள் இல்லை.

அவன் கை நீட்டியது மச்சான் மேல். அவனியாபுரத்தில் அவருடைய டைல்ஸ் கடையில், வாங்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, காதோடு சேர்த்து ஓர் அறை. அதிலிருந்து அவருக்கு இடது காது கேட்காது. வைத்தியத்துக்கும் போக மாட்டேன் என்றுவிட்டார். காரை அவர் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்தால், என் பேச்செல்லாம் அந்தக் காதில்தான் விழும். கத்திச் சொன்னால்தான் உண்டு.

கோடை தொடங்கியபோது பண்ணையிலிருந்து போன் வந்தது. பையன் தேறிவிட்டான், கூட்டிக்கொண்டு போகலாம். அக்கா அழுதாள். மச்சான் என்னிடம் சொன்னார்: “ஒரு தடவை வாரேன் மாப்ள. கார்ல ஏறுனா ஏறட்டும். ஏறலைன்னா அம்புட்டுத்தான். மறுபடி என்னைய கூப்பிடக் கூடாது.”

மச்சான் சொன்ன சொல்லை மாற்றி நான் பார்த்ததில்லை. டைல்ஸ் விலையைக்கூட.

நாங்கள் போன அன்று காலையிலேயே பண்ணையில் ஒரு குதிரைக்கு வயிற்றுவலி. வயசான வெள்ளைப் பெட்டை. கல்யாணங்களுக்கு மாப்பிள்ளை சுமந்தே காலத்தைக் கழித்தது. அதனால் அதற்கு ஒரு பழக்கம்: நாலு எட்டு வைத்தால் நின்றுவிடும், போட்டோ எடுக்கட்டும் என்று. இத்தனை மாதமும் அதைப் பார்த்துக்கொண்டது அக்கா மகன்தான். இப்போது கயிற்றைப் பிடித்து மைதானத்தைச் சுற்றி நடத்திக்கொண்டிருந்தான். அவன் பெட்டி கட்டி வாசலில் தயாராக இருந்தது.

காரைப் பார்த்ததும் குதிரை நின்றது, கல்யாணக் கார் என்று நினைத்திருக்கும். அவன் என் பக்கத்து ஜன்னலில் குனிந்தான்.

“மாமா, டாக்டர் ஊசி போட்டிருக்காரு. படுத்துப் பெரண்டுச்சுன்னா கொடலு முறுக்கிக்கிருமாம். படுக்க விடாம நடத்தணும். அப்பாவ செத்த இருக்கச் சொல்லுங்க.”

“என்னவாம்?” என்றார் மச்சான்.

கத்திச் சொன்னேன்.

“குதிரை படுக்கக் கூடாதாக்கும்! இவன் உச்சி வெயிலு வரைக்கும் படுத்துக் கெடப்பான். தண்ணிய ஊத்தி எழுப்புவேன். அதுக்குப் பேரு தெரபின்னு அப்ப எனக்குத் தெரியாமப் போச்சு.”

ஆனால் அவர் காரைக் கிளப்பவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் ஏறியது. குதிரை முன்னங்காலை மடித்தது.

“மாமா, ஓடியாங்க! பின்னாடி நின்னு தள்ளுங்க!”

பாண்டிய மன்னர்கள் கடல் கடந்து குதிரை வாங்கி, வளர்க்கத் தெரியாமல் சாகடித்த வரலாறெல்லாம் படித்திருக்கிறேன். குதிரைக்குப் பின்னால் நிற்கக் கூடாது என்றும் படித்திருக்கிறேன். பின்னால் நின்று தள்ளினேன். ஒரு சுவரைத் தள்ளியிருந்தாலாவது சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும்.

அவன் அதன் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு கெஞ்சினான். “எந்திரி தாயி. அந்த மரம் வரைக்கும். அங்கிட்டு நின்னுக்கலாம். எந்திரி.”

எழுந்தது. மரம் வரைக்கும் போனது. மறுபடி படுத்தது. மறுபடி எழுப்பினான். மத்தியானத்துக்கு மேல் படுத்தது எழவில்லை. கொஞ்ச நேரம் காலை உதைத்துக்கொண்டது, பிறகு அதுவும் இல்லை. அவன் அதன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தான். மச்சான் ஒரு தடவை ஹாரன் அடித்தார். கூப்பிட்டாரா, தெரியாமல் கை பட்டதா, எனக்குத் தெரியாது.

அவன் வந்தான். இந்தத் தடவையும் என் பக்கத்து ஜன்னலுக்குத்தான் வந்தான். அப்பா முகத்தைப் பார்க்கிற பக்கத்துக்குப் போக அவனுக்குத் தைரியம் வரவில்லை.

“குழி தோண்டணும் மாமா. இத இப்படிப் போட்டுட்டு வர முடியல. நாளைக்கு வரச் சொல்லுங்க. கட்டாயம் வாரேன்.” பிறகு, மெதுவாக, “மன்னிச்சுக்கச் சொல்லுங்க” என்றான்.

“என்ன சொல்றான்?”

ஒரு வார்த்தை விடாமல் கத்திச் சொன்னேன். மன்னிப்பைக் கத்திச் சொல்வது எவ்வளவு அபத்தம் என்று அப்போது தெரிந்தது. மச்சான் சாவியைத் திருப்பினார். அக்கா கொடுத்தனுப்பிய தண்ணீர் பாட்டிலை அவனிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு நின்றான்.

திருப்பரங்குன்றம் ரயில்வே கேட்டில் நின்றபோது மச்சான் கேட்டார்:

“நடந்துக்கிட்டே இருந்தா பொழைக்குமா?”

“சிலது பொழைக்குமாம், மச்சான்.”

கேட்டதா என்று தெரியவில்லை. கேட் திறந்தது.

வீட்டு வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். உள்ளேயிருந்து கறிக்குழம்பு வாசனை வந்தது. பின் சீட்டை எட்டிப் பார்த்தாள். நான் இறங்கி, குதிரை செத்தது, அவன் நாளைக்கு வரச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காரைச் சுற்றிக்கொண்டு மச்சானிடம் போனாள்.

“என்னங்க, நாளைக்குப் போவீகளா?”

அவர் கதவைச் சாத்தினார், சாவியைப் பையில் போட்டார், உள்ளே போய்விட்டார். “அவருக்குக் காது கேட்கலடா, நீயே கேளு” என்றாள் அக்கா என்னிடம்.

அவள் நின்றது அவருடைய வலது பக்கம்.