சோதிக்காத ரத்தம்

நான் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குக் கேரள எல்லையோர நெய்யாற்றின்கரையில் தலைமை அலுவலகம். சுற்றிலும் ஊர்களில் ரத்தம் எடுக்கும் கிளைகள். கிளைகளிலிருந்து வந்த ரத்தத்தைப் பல நாட்கள் சோதிக்காமலே கொட்டிவிட்டு, தோன்றிய எண்களைப் போட்டு ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு காலையில் டிவியில் வந்தது. சொன்னவர் எங்கள் டெக்னீஷியனே. தலைமை அலுவலகத்தில் போன் எடுக்கும் மேசையில் இருந்த எனக்கும் அப்போதுதான் தெரியும்.

பத்து மணிக்கு வக்கீல் எழுதிய தாள் ஒன்று வந்தது. மலையாளத்திலும் தமிழிலும். ‘புகாரை ஆராய்ந்து வருகிறோம். கவலைப்பட ஒன்றுமில்லை.’ இதைத் தவிர எதுவும் பேசக்கூடாது என்றார் மேனேஜர். அழுதவர்களிடமும் திட்டியவர்களிடமும் அதையே படித்தேன். முதல் நாள் குரல் நடுங்கியது. மறுநாள் மதியத்துக்குள் அதுவும் நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் ஒற்றசேகரமங்கலத்திலிருந்து ரப்பர் வெட்டும் பெரியவர் ஒருவர் வந்தார். மனைவியின் மூன்று ரிப்போர்ட்டுகளை மேசையில் வைத்தார். மூன்றிலும் சிறுநீரகத்தில் குறையில்லை என்றிருந்தது. ஆனால் கால் வீங்கி, முந்தின நாள் மாலை அந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து டயாலிசிஸ் தொடங்கியிருந்தார்கள். நான் தாளைப் படித்தேன். முடிக்கும்வரை பொறுத்தார்.

“எனக்கு ஒண்ணு அறிஞ்சா போரும் மக்கா. இவளுக்க ரத்தத்த நீங்க நோக்கினியளா, இல்லியா?”

உள்ளே போய் மெஷினின் பதிவைப் பார்த்தேன். அந்த மூன்று தேதிகளிலும் அந்த அம்மாவின் பெயர் இல்லை. திரும்பி வந்து, “நோக்கல்ல” என்றேன்.

அவர் தலையாட்டினார். “கவலைப்பட ஒண்ணுமில்லேன்னு போனில சொன்னதும் நீயாக்கும். அத நம்பி ரெண்டு நாளு இவள வீட்டுல வச்சிருந்தேன்.”

குரலில் கோபமே இல்லை. ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்.

ரத்தம் மெஷினில் ஏறாத எல்லோருக்கும் போன் செய்து உண்மையைச் சொல்லலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். வக்கீல் ஒப்ப மாட்டார் என்றார். மறுநாள் அவர் வக்கீலைப் பார்க்கப் போன நேரத்தில், பக்கத்து மேசைக்காரியும் நானும் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடத் தொடங்கினோம். “உங்க ரத்தத்த நாங்க சோதிக்கல்ல. வேற லேப்பில இன்னைக்கே நோக்குங்க.” பலர் கேட்டதும் போனை வைத்துவிட்டார்கள். கோட்டுகால் ஊரில் ஒரு பெண் நன்றி சொன்னாள். பட்டியல் முடிந்தபோது சாயங்காலம். மேனேஜர் வந்து, இரண்டு பேரும் நாளை முதல் வர வேண்டாம் என்றார். சரி என்றேன். அந்த மழைக்காலத்திலேயே பெரியவரின் மனைவி இறந்ததாகக் கேள்விப்பட்டேன். துக்கம் கேட்கப் போகவில்லை.

நாங்கள் போன் செய்தது பேப்பரில் வந்ததால், இப்போது கம்பெனிகள் என்னைப் பேசக் கூப்பிடுகின்றன. பெயர் கெட்ட நாளில் ஊழியர்கள் என்ன சொல்ல வேண்டும் என்று கற்றுத்தர வேண்டுமாம். டிவியில் வருவதற்கு முன்பே பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லுங்கள் என்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல, போன் எடுப்பவரை அனுமதியுங்கள். தெரியாமல் ஆறுதல் சொல்லாதீர்கள். எழுதிக்கொள்கிறார்கள். தாளைப் படித்த இரண்டாம் நாளைப் போலவே, பேசும்போது எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. முடிந்ததும் வீட்டுக்குப் போகும் பாறசாலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொள்கிறேன்.