படத்தில் சுருட்டை முடி, கையில் மொட்டைத் தலை

குழந்தையின் படத்தை ஒட்டி ஓர் அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டு, அந்த அனுமதியோடு பயணம் போவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது குழந்தைக்கு மொட்டை போடலாமா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது.

யுத்த நிறுத்தம் வந்த புதிதில் நடந்த சம்பவம் இது. நான் பதுளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. என் கணவர் மாலைதீவில் கணிதம் படிப்பிக்கப் போயிருந்தார். அவர் போகும்போது மகள் என் வயிற்றில் இருந்தாள். பிறந்து பத்து மாதமாகியும் அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பாடசாலை விடுமுறைக்கு நாங்கள் இருவரும் அங்கே போவதென்று முடிவானது.

எனக்கு அதுதான் முதல் விமானப் பயணம். கைக்குழந்தையோடு தனியாகப் போக வேண்டும். விமான நிலையத்தில் சோதனைக்கு மேல் சோதனை, வரிசையில் நின்றே கால் ஓய்ந்துவிடும் என்று ஆளாளுக்குச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். பதுளை பஸாரில் விமானச் சீட்டு எடுத்துக் கொடுப்பவர்தான் ஒரு வழி சொன்னார். கைக்குழந்தையோடு தனியாகப் போகும் தாய்மார் முன்கூட்டியே விண்ணப்பித்தால், நீண்ட வரிசையில் நிற்காமல் தனி வழியில் சீக்கிரம் சோதனையை முடித்துக்கொள்ளலாமாம். அம்மா, பிள்ளை இருவருடைய படமும் வேண்டும் என்றார்.

மகளைப் படமெடுக்கக் கூட்டிப் போனோம். சுருட்டைச் சுருட்டையாக முடி அவளுக்கு. கண்ணேறு படாமலிருக்க என் மாமியார் கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டு வைத்து அனுப்பியிருந்தார். எப்படிக் கூப்பிட்டும் மகள் கெமராவைப் பார்க்கவில்லை. கடைசியில் படம் எடுப்பவர் தன் சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்கினார். அவள் சட்டென்று திரும்பி, இடது கண்ணைச் சுருக்கி, நாக்கு நுனியை வெளியே நீட்டினாள். அந்த நேரம் பார்த்துப் படம் விழுந்துவிட்டது. வேறு எடுப்போமா என்றேன். "இதுக்கு மேல இந்தப் புள்ளய புடிக்க ஏலாது டீச்சர்" என்று சிரித்துவிட்டார். அந்தப் படம்தான் கடவுச்சீட்டுக்கும் போனது, விண்ணப்பத்துக்கும் போனது, மாலைதீவுக்கும் போனது.

அனுமதி கிடைத்தது. அதோடு வந்த விதிகளை ஒன்று விடாமல் படித்தேன். படத்துக்கும் ஆளுக்கும் தோற்றத்தில் வித்தியாசம் இருக்கக்கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தது.

வீட்டிலோ வேறு கதை. பிரசவத்தில் நான் கஷ்டப்பட்டபோது, பிள்ளைக்கு ஒரு வயது முடிவதற்குள் முடியிறக்குகிறேன் என்று மாமியார் பதுளை முருகன் கோயிலுக்கு நேர்ந்திருந்தார். பிறந்தநாள் மாலைதீவில்தான் வரும். அதனால் போவதற்கு முன்பே முடித்தாக வேண்டும். அவர் பார்த்த நல்ல நாளோ பயணத்துக்கு மிகக் கிட்டத்தில் இருந்தது.

விதியைச் சொல்லிப் பார்த்தேன். "அப்ப சாமிகிட்ட போயி, ஏர்போட்டுக்காரங்க வேணாங்கிறாங்கன்னு நீயே சொல்லிட்டு வா" என்றார். சீட்டு எடுத்துக் கொடுத்தவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "பச்சப் புள்ளைக்கு என்னங்க டீச்சர் தோற்றம், பேசாம போங்க" என்றார் அவரும். இருவரும் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னதே எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது. ஆனாலும் கோயிலுக்குப் போனோம். முடி இறக்கி, காதும் குத்தி, தலையில் சந்தனம் பூசியதும் என் மகள் ஒரு குட்டிச் சாமியார் மாதிரி ஆகிவிட்டாள். என்ன அழகு! அந்த அழகைப் பார்த்துச் சந்தோஷப்படவும் முடியாமல் நான் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயணத்தன்று விடிந்ததும் அண்ணன் வேனில் கூட்டிப் போனார். பெரகலவுக்குக் கிட்ட மலைப்பாதையில் மண் சரிந்து வாகனமெல்லாம் நின்றுவிட்டது. மண்ணை வாரி வழி விடும்வரை பனிமூட்டத்தில் காத்திருந்தோம். கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் மிகவும் பிந்திவிட்டது. பயணிகள் தவிர யாரையும் உள்ளே விடாத காலம் அது. அண்ணன் வாசலோடு நின்றுவிட்டார். மகளை இடுப்பிலும் பையைத் தோளிலும் போட்டுக்கொண்டு நான் மட்டும் உள்ளே ஓடினேன்.

பொது வரிசை வளைந்து வளைந்து கிடந்தது. அதில் நின்றால் விமானம் போய்விடும் என்பது பார்த்ததுமே தெரிந்தது. தனி வழியில் இருந்த இளம் உத்தியோகத்தரிடம் அனுமதியை நீட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இந்த பேபி ஆம்பள. படத்துல பேபி பொம்பள" என்றார்.

விமானம் போனால் போகட்டும், யாரோ பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று நினைத்துவிட்டால்? கடவுச்சீட்டைக் காட்டினேன். அதிலும் அதே சுருட்டை முடிதானே! பையிலிருந்து மை டப்பாவை எடுத்து, படத்தில் இருக்கும் அதே இடத்தில் மகளின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தத் தம்பி என்னை இன்னும் சந்தேகமாகப் பார்த்தார்.

சத்தம் கேட்டு ஒரு பெண் அதிகாரி வந்தார். என் அம்மா வயதிருக்கும். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், கோயிலுக்கு நேர்ந்த முடி என்று சொன்னேன். நேர்த்திக்கடனுக்கு அவர்கள் சொல்லும் 'பாரய' என்ற சொல் நல்ல வேளையாக வாயில் வந்தது. அவர் முகம் இளகியது. கதிர்காமத்துக்கா என்று கேட்டார். இல்லை, பதுளை முருகனுக்கு என்றேன். தன் மகனுக்கும் கதிர்காமத்தில் நேர்ந்ததுண்டு என்றார். ஆனாலும் படம் ஒத்துப்போகாமல் தன்னால் தனி வழியில் விட முடியாது, பொது வரிசைக்குத்தான் போக வேண்டும் என்று வருத்தத்தோடு சொன்னார்.

அப்போதுதான் அவர் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து என் கண்ணில் பட்டது.

ஒரு அதிகாரியிடம் இதைக் கேட்கலாமா, கூடாதா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்டேன். அந்தச் சாவியைக் கொஞ்சம் குலுக்குங்கள் மேடம், படத்தில் இருக்கிற முகம் வரும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குலுக்கினார். மகள் கொட்டாவி விட்டாள். இன்னொரு தரம் குலுக்கினார். அவள் என் சேலைத் தலைப்பைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். பொது வரிசையில் நின்றவர்களெல்லாம் இப்போது எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நல்லா ஆட்டுங்க மேடம், புள்ளைக்கு தூக்கம்" என்று அதில் ஒருவர் தமிழில் குரல் கொடுத்தார்.

மேடம் கொத்தைக் கழற்றி, காதருகே கொண்டுபோய்க் கலகலவென்று ஆட்டினார். மகள் சட்டென்று திரும்பினாள். இடது கண் சுருங்கியது. நாக்கு நுனி வெளியே வந்தது.

அந்த அம்மா படத்தை அவள் கன்னத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் அந்தத் தம்பியும் சிரித்துவிட்டார். வரிசையில் சிலர் கைதட்டினார்கள். "ஹரி ஹரி, சரி சரி, இவதான். போ மகள், ஓடு" என்று எனக்கு வழி விட்டார். போகும்போது என் மகளின் மொட்டைத் தலையைத் தடவி, விரலில் ஒட்டிய சந்தனத்தை முகர்ந்து பார்த்தார். அது என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

விமானம் கிடைத்தது. மாலைதீவில் இறங்கி வெளியே வந்தபோது, என் கணவர் கையில் அதே படத்தை வைத்துக்கொண்டு நின்றார். மொட்டை போட்டது தெரியாததால், கூட்டத்தில் என் முகத்தையும் கவனிக்காமல் எங்களைத் தாண்டி, பின்னால் வருகிற சுருட்டை முடிப் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தார்! அவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்று, பையிலிருந்த வீட்டுச் சாவியை எடுத்துக் குலுக்கினேன். மகள் முகத்தைச் சுருக்கி நாக்கை நீட்டினாள். அவர் படத்தைக் கீழே போட்டுவிட்டு அவளை அள்ளிக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்கே தெரியவில்லை. பெற்ற அப்பாவுக்கு முன்னால் என் மகளை அடையாளம் கண்டது யாரோ ஒரு அதிகாரி அம்மாதான் என்று இன்றைக்கும் அவரைச் சீண்டுவேன்.

அந்த அம்மாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. விதியையும் விடாமல், என்னையும் கைவிடாமல், அவசரமான இடத்தில் நின்று ஒரு பிள்ளைக்குச் சாவி ஆட்டினாரே, அதை நினைத்தால் இப்போதும் மனம் நிறைந்துவிடுகிறது.

இப்போது எங்களுக்கு ஒரு மகன். அவனுக்கும் சுருட்டை முடி. மாமியார் அவனுக்கும் நேர்ந்துவிட்டார். விடுமுறைக்கு மறுபடி மாலைதீவு போக வேண்டும், அதே விண்ணப்பத்தை மறுபடி போட வேண்டும். முதலில் மொட்டை போட்டுப் படம் எடுத்தால், அனுமதி வருவதற்குள் முடி வளர்ந்துவிடும். முடியோடு எடுத்தால் பழைய கதைதான். அனுபவமுள்ள தாய்மார் யாராவது எது சரியென்று எழுதுங்களேன். பதில் வரும்வரை நான் தினமும் அவன் முன்னால் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். இவன் இன்னும் ஒரு முகமும் காட்ட மாட்டேன் என்கிறான்.